ஜி. நாகராஜனுக்குத் தர்மபுரியில் எதற்கு அஞ்சலி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருசமும் பிப்ரவரி 19ஆம் தேதி சாயங்காலம், தர்மபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தையற்கடையின் மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். எழுத்தாளர் ஜி. நாகராஜன் இறந்த நாள் அது. எங்களுக்குச் சங்கம் கிடையாது, பதிவு எண் கிடையாது, தலைவர் பொருளாளர் யாரும் கிடையாது. டெய்லர் அண்ணன் மாடியைத் தருவார், யாராவது ஒருவர் டீ சொல்வார், அவ்வளவுதான். நோட்டீஸைப் பார்த்துவிட்டு ஆட்கள் கேட்பது வருசா வருசம் அதே கேள்விகளாக இருப்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பதில்கள் என்னுடையவை. மாடிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதில் பாதியை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

யார் இந்த ஜி. நாகராஜன்?

1929இல் மதுரையில் பிறந்தவர். கணக்கு வாத்தியார். கல்லூரியில் வேலை பார்த்தார், பிறகு மதுரை டுட்டோரியல்களில் கணக்கு நடத்திப் பேர் வாங்கினார். கொஞ்ச காலம் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார். 1963இல் ‘குறத்தி முடுக்கு’ என்ற சிறிய நாவல், 1974இல் ‘நாளை மற்றுமொரு நாளே’, நடுவில் ‘கண்டதும் கேட்டதும்’ என்று ஒரு சிறுகதைத் தொகுப்பு. இன்னும் சில கதைகள், ஆங்கிலத்திலும் கொஞ்சம். எல்லாவற்றையும் அடுக்கினாலும் ஒரு தீபாவளி மலர் கனம் வராது.

முதல் நாவல் விலைமாதர் வாழும் ஒரு குறுகிய தெருவைப் பற்றியது. அங்கே வந்து போகிற ஒரு பத்திரிகைக்காரனுக்கும் தங்கம் என்ற பெண்ணுக்கும் நடுவில் நடப்பதுதான் கதை. இரண்டாவது நாவலில் கந்தன் என்கிற ஆளின் ஒரே ஒரு நாள். காலையில் கண் விழிப்பதில் தொடங்கி அன்று இரவு வரை. கந்தன் என்ன தொழில் செய்கிறான் என்பதை முதல் முறை படிக்கிறவர்களுக்கு நான் சொல்வதில்லை. அவர்களே போய்த் தெரிந்துகொள்ளட்டும்.

கடைசி வருசங்களில் குடி, கஞ்சா, மதுரைத் தெருக்கள் என்று கழிந்தது. 1981இல் மதுரை அரசு மருத்துவமனையில் இறந்தபோது வயது 51.

கலக எழுத்தாளர் என்று நோட்டீஸில் போடுகிறீர்கள். அப்படி என்ன கலகம் செய்தார்?

அந்தக் காலம் உலகம் முழுக்கவே கலகக் காலம்தான். அமெரிக்காவில் பீட் தலைமுறை என்ற எழுத்தாளர் கூட்டம். வங்காளத்தில் 1961இல் ‘பசித்த தலைமுறை’ என்ற கவிஞர் கூட்டம் கிளம்பியது. 1964இல் அவர்களைப் பிடித்து ஆபாச வழக்குப் போட்டார்கள். 1965இல் தெலுங்கில் திகம்பர கவிகள், அதாவது நிர்வாணக் கவிகள், வந்தார்கள். இவர்கள் எல்லோருக்கும் ஓர் அறிக்கை இருந்தது, கூடிப் பேச ஒரு கும்பல் இருந்தது. நாகராஜனிடம் இரண்டும் இல்லை. கோஷமும் போடவில்லை.

அவர் செய்த கலகம் இன்னும் சத்தமில்லாதது. அதுவரை நம் கதைகளில் தாசியோ தரகனோ வந்தால் ஒன்று திருந்த வேண்டும், இல்லை கடைசிப் பக்கத்துக்குள் செத்துப்போக வேண்டும். படிக்கிறவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொள்ளலாம். நாகராஜனின் ஆட்கள் திருந்தவும் மாட்டார்கள், நம் அனுதாபத்தைக் கேட்டு நிற்கவும் மாட்டார்கள். காசு எண்ணுவார்கள், சண்டை போடுவார்கள், கிண்டல் அடிப்பார்கள், சாப்பிடுவார்கள். கணக்கு வாத்தியார் எழுத்து என்பது வாக்கியத்திலேயே தெரியும். விடைக்குத் தேவையில்லாத ஒரு வரியைப் போட மாட்டார். ‘குறத்தி முடுக்கு’ முன்னுரையிலேயே, இப்படியெல்லாம் எழுத வேண்டுமா என்று கேட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள் என்கிற பொருளில் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போகிறார். 1963இல்!

இறந்து நாற்பது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டதே. இப்போது எதற்குத் துக்கம்?

அன்றைக்கு யார் துக்கப்பட்டார்கள் என்று திருப்பிக் கேட்கத் தோன்றும். நண்பர்களும் சிறுபத்திரிகைக்காரர்களும் வருந்தியிருப்பார்கள். ஆனால் அவருடைய வாசகர்களில் பெரும்பாலோர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. எனக்கும் அவர் செத்துப் பல வருசம் கழித்துத்தான் கிடைத்தார். 1997இல் காலச்சுவடு பதிப்பகம் அவருடைய படைப்புகளைத் தொகுத்து வெளியிட்டது, அந்தப் புத்தகம் சேலத்தில் ஒரு நண்பர் வீட்டு அலமாரியில் இருந்தது. ராத்திரி முழுக்கப் படித்துவிட்டுக் காலையில் முதல் பஸ்ஸில் தர்மபுரிக்குத் திரும்பினேன். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. இறங்கி ரோட்டோரம் நின்றபோது, இந்த ஆளைப் போய்ப் பார்க்க வேண்டும், ஒரு டீ வாங்கித் தர வேண்டும் என்று மனசுக்குள் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் அவர் இல்லை என்பது உறைத்தது. அட்டையிலேயே போட்டிருந்தது, படித்தும் இருந்தேன். உறைத்தது கணவாயில்தான்.

எனக்கு அவர் இறந்தது அன்றைக்கு. இந்த மாடிக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு தேதி இருக்கிறது. பொதுவாக வைத்துக்கொள்ள ஒரு நாள் வேண்டுமே என்று 19ஐ வைத்திருக்கிறோம்.

பாரதியாரின் கடைசி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை என்ற கதை எல்லோருக்கும் தெரியும். வாசகன் தாமதமாக வருவது நமக்கு ஒன்றும் புதுசில்லை.

மதுரைக்காரருக்குத் தர்மபுரியில் ஏன்? இங்கே அவர் வந்திருக்கிறாரா?

அதற்காக இல்லை. கூட்டம் இங்கே நடக்கக் காரணம் நாங்கள் இங்கே இருக்கிறோம் என்பதுதான். ஆனால் கேட்டுவிட்டீர்கள், அதனால் ஊர்ப்பெருமை கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

தர்மபுரிதான் பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து தகடூரை அழித்தான், அதியமான் வேல் பட்டுச் செத்தான். அப்போது ஔவையார் பாடியதுதான் புறநானூற்றின் 235ஆம் பாட்டு. நெல்லிக்கனி கதையைப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், இந்தப் பாட்டைத்தான் அவ்வளவாகச் சொல்லவில்லை. ஏன் என்பது முதல் வரியைப் பார்த்தாலே புரியும்.

“சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே.”

கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், அதெல்லாம் போயிற்று. நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, மிச்சத்தைத் தானும் மகிழ்ந்து குடிப்பான், அதுவும் போயிற்று. ஒரு ராஜா செத்துக் கிடக்கிறான், அவனுடைய நண்பி வாயைத் திறந்ததும் முதலில் வருவது கள். அவன் ஜெயித்த போர்கள் இல்லை, கட்டிய கோட்டை இல்லை. அடுத்து சோறு. அடுத்து எலும்பும் கறியும். அதற்கும் அப்புறம், வாசனை வீசும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பானே என்கிறாள். அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் பாத்திரத்தைத் துளைத்து, இரப்பவர்களின் கையைத் துளைத்து, கடைசியில் புலவர்களின் நாக்கில் போய் விழுந்தது என்கிறாள். இனிமேல் பாடுகிறவர்களும் இல்லை, பாடுகிறவர்களுக்குக் கொடுக்கிறவர்களும் இல்லை.

இன்னொரு பாட்டு உண்டு, 232. அதில் அதியமானுக்கு நடுகல் நட்டாயிற்று. கல்லுக்கு மயில் பீலி சூட்டி, சின்னக் கலயத்தில் கள்ளை ஊற்றுகிறார்கள். ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தத் துளிக் கள்ளையா வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று கேட்கிறாள். நடுகல் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வயலோரம், ஏரிக்கரை என்று எங்கு பார்த்தாலும் நிற்கும். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளூர் ஆட்களைவிட வெளியூர் ஆராய்ச்சிக்காரர்கள்தான் அதிகம் பார்த்திருப்பார்கள். ஒரு நாள் சாவகாசமாகப் போய் நின்று பாருங்கள். சில கற்களில் வீரனின் காலருகே மூக்கு வைத்த ஒரு கெண்டி செதுக்கியிருக்கும். போகிற வழிக்குக் கள் என்று சொல்வோர் உண்டு.

இப்படிப்பட்ட ஊரில் நாகராஜனுக்குக் கூட்டம் போட்டால் என்ன தப்பு?

அவர் குடித்தது, கஞ்சா அடித்தது எல்லாம் அஞ்சலிக் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயமா? நல்லதை மட்டும் சொல்லக் கூடாதா?

இதைக் கேட்கிறவர்களிடம் நான் எங்கள் தாத்தாவின் கருமாதியைத்தான் சொல்வேன். பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். படையல் போட்டார்கள். தலைவாழை இலை, களி உருண்டை, நாட்டுக்கோழிக் குழம்பு, பக்கத்தில் ஒரு கட்டு பீடி, தீப்பெட்டி, ஒரு குவார்ட்டர். நான்தான் பாட்டிலைக் கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டு எழுந்ததும் பெரியத்தை மண்டையில் ஒன்று வைத்தார். “மூடியத் தொறந்து வைடா, எப்படிக் குடிப்பாரு?” உயிரோடு இருந்தவரை அந்தப் பாட்டிலுக்காக அவரைத் திட்டாத நாள் கிடையாது அந்த அத்தை.

சொந்தக்காரர்கள் செத்தவரை உள்ளபடியே கூப்பிடுகிறார்கள். எழுத்தாளர் செத்தால்தான் நமக்கு என்னவோ ஆகிவிடுகிறது. மேடையில் ஏறி “மனிதநேயர்”, “சமூக அக்கறை கொண்டவர்” என்று ஆரம்பித்துவிடுகிறோம். அந்த வார்த்தைகளை யாருடைய போட்டோவுக்குக் கீழே வேண்டுமானாலும் ஒட்டலாம். நாகராஜன் எழுதியதெல்லாம் இப்படி ஒட்டுகிற பழக்கத்துக்கு எதிராகத்தான். அவர் தலையிலேயே அதைக் கட்டினால் எப்படி?

அப்படியானால் கூட்டத்தில் குடிக்கலாமா?

கூடாது. மாடி டெய்லர் அண்ணனுடையது, கீழே அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இது ஒரு காரணம்.

இன்னொன்று இரண்டாம் வருசம் நடந்தது. நான் அந்த 235ஆம் பாட்டை ரொம்ப ரசித்து விளக்கிக்கொண்டிருந்தேன். கள், ஔவை, நட்பு, அது இது என்று. எனக்கே என் பேச்சு பிடித்துப்போயிருந்தது. கடைசி வரிசையில் ஓர் அக்கா. பாலக்கோட்டுப் பக்கம் சத்துணவில் வேலை பார்க்கிறவர், லைப்ரரியில் புத்தகம் எடுத்துப் படிக்கிறவர். எழுந்து நின்று, “சார், ஒண்ணு கேக்கட்டுமா?” என்றார். “கேளுங்கக்கா” என்றேன்.

“எங்க வீட்டுக்காரரு குடிச்சுக் குடிச்சு ஈரல் வெந்துதான் செத்தாரு. எங்க தெருவுலயே நாலு பேரு அப்படிப் போயிருக்காங்க. அவங்கள்ல ஒருத்தருக்காவது ஔவை வந்து பாடுச்சா?”

மாடி அமைதியாகிவிட்டது. கீழே தையல் மிஷின் ஓடுவது கேட்டது. எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் முழுசாக வரவில்லை. குடிப்பதை மறைக்காமல் சொல்வதும் குடியைக் கொண்டாடுவதும் வேறு வேறு என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் அன்று பேசியது எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் கொஞ்சம் அந்தப் பக்கம்தான். நாகராஜனுக்கும் குடும்பம் இருந்தது. அவர் தெருவில் திரிந்த ராத்திரிகளில் வீட்டில் யாரோ விழித்துக்கொண்டு இருந்திருப்பார்கள். சிறுபத்திரிகை ஆண்கள் எழுதும் நினைவுக் கட்டுரைகளில் அந்த வீட்டுக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அந்த அக்கா கோபித்துக்கொண்டு போகவில்லை. டீ குடித்தார். புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். அடுத்த வருசம் தானாகவே வந்து, “தங்கம் பேசற எடத்த மட்டும் நான் படிக்கறேன், நீங்க ஆம்பளைங்க யாரும் படிக்க வேணாம்” என்றார். அதிலிருந்து அந்தப் பக்கங்கள் அவருடையவை. எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், ரேஷன் கார்டில் பேர் வாசிப்பதுபோல வாசிப்பார். அதைக் கேட்ட பிறகு நாங்கள் யாரும் தங்கத்தை நடித்துக் காட்ட முயன்றதில்லை.

படத்துக்கு மாலை, ஊதுபத்தி உண்டா?

படம் உண்டு. ஜெராக்ஸ் எடுத்து எடுத்து முகம் பாதி மையாகிவிட்டது. மாலை போட்டதில்லை. ஊதுபத்தி ஒருமுறை கொசுவுக்காக ஏற்றினோம்.

நான் அவருடைய எதையும் படித்ததில்லை. வரலாமா?

தாராளமாக. ஒருமுறை, கீழே டீக்கடை மாஸ்டர் கிளாஸ் தட்டோடு மேலே வந்தார். அப்போது ரிட்டயர் ஆன டவுன் பஸ் கண்டக்டர் ஐயா ஒருவர் ‘நாளை மற்றுமொரு நாளே’ முதல் பக்கங்களை வாசித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி சரியில்லாததால் திக்கித் திக்கித்தான். மாஸ்டர் கிளாஸ்களை இறக்கிவிட்டுக் கிளம்பாமல் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றார். நாலைந்து பக்கம் போனது. கீழே இருந்து “மாஸ்டர்ர்ர்” என்று முதலாளி கத்துகிறார். இவர் அசையவில்லை.

வாசிப்பு நின்றதும், “இவன எனக்குத் தெரியும்ணா” என்றார்.

“யாரை?”

“இந்தக் கந்தன. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுல இருந்தான். பேரு வேற. காலைல மொத டீ எங்கிட்டதான். கடன்தான், ஆனா குடுத்துருவான்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவனப் பத்தி இவருக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

நாவல் வந்த வருசத்தைச் சொன்னோம். அவர் அதை நம்பவில்லை. அவருடைய ஆள் ஐந்தாறு வருசத்துக்கு முன்னால்தான் காணாமல் போயிருந்தான். டீத்தட்டை எடுத்துக்கொண்டு இறங்கும்போது, “கடைசில அவன் என்னண்ணா ஆனான்?” என்றார். கண்டக்டர் ஐயா புத்தகத்தையே அவர் கையில் கொடுத்துவிட்டார். திரும்பி வரவில்லை. புத்தகத்தைச் சொல்கிறேன், மாஸ்டர் வருசம் தவறாமல் வருகிறார்.

எதை முதலில் படிப்பது?

‘நாளை மற்றுமொரு நாளே’. சனிக்கிழமை மத்தியானம் எடுத்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம். ‘குறத்தி முடுக்கு’ இன்னும் சின்னது, ஆனால் எனக்கு அது இரண்டாவதுதான். சிறுகதைகளை ஒன்றிரண்டாகப் படியுங்கள், மொத்தமாக வேண்டாம். தமிழ் வாசிக்க வராத பிள்ளைகளுக்கு, பெரிய நாவல் 2010இல் பெங்குவின் வெளியீடாக ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. தகடூர் புத்தகத் திருவிழா நடக்கும்போது தேடினால் தமிழ்ப் பதிப்பு கண்டிப்பாகக் கிடைக்கும், தள்ளுபடியோடு.

காலேஜ் படிக்கும் பிள்ளைகள் படிக்கலாமா?

அவர்கள் போனில் பார்க்காத எதுவும் இதில் இல்லை. அதில் இல்லாதது ஒன்று இதில் இருக்கிறது, அது என்ன என்று அவர்களே வந்து சொல்வார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பதில்லை.

வாட்ஸ்அப்பில் “கண்ணீர் அஞ்சலி” போட்டால் போதாதா?

போடுங்கள், யார் வேண்டாம் என்றது. என் எரிச்சல் வேறு. ஓர் எழுத்தாளர் இறந்த செய்தி வந்த ஐந்தாவது நிமிசம் எல்லா குரூப்பிலும் ஒரே கறுப்புப் படம், ஒரே மெழுகுவர்த்தி, ஒரே “ஈடுசெய்ய முடியாத இழப்பு”. கூடவே அவருக்குத் தோளில் கை போட்டுக்கொண்டு எடுத்த செல்பி. படத்தில் செத்தவரைவிடப் போட்டவர் பெரிதாகத் தெரிவார். மூன்றாம் நாள் பால் ஊற்றுவதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள்.

அவருடைய ஒரு பக்கத்தை உங்கள் குரலில் வாசித்து, ஒரு நிமிச ஆடியோவாகப் போட்டுப் பாருங்கள். திக்கினாலும் பரவாயில்லை. எங்கள் குரூப்பில் இப்போது அதுதான் வழக்கம்.

வெளிநாட்டில் இந்த மாதிரி எழுத்தாளர்களுக்கு எப்படி அஞ்சலி செய்கிறார்கள்?

அமெரிக்காவின் பீட் தலைமுறை எழுத்தாளர் ஜாக் கெரோவாக் குடியாலேயே 1969இல் செத்தார், வயது 47. லோவெல் என்ற அவருடைய சொந்த ஊரில் புதைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் வாசகர்கள் வந்து சமாதிக் கல்லில் பேனாவும் துண்டுச் சீட்டும் மது பாட்டிலும் வைத்துவிட்டுப் போகிறார்கள். நம் நடுகல் கணக்குதான், பீலி மட்டும் இல்லை. ஹன்டர் தாம்சன் என்ற இன்னொரு அமெரிக்க எழுத்தாளர் 2005இல் தன்னையே சுட்டுக்கொண்டார். அவர் விரும்பியபடியே சாம்பலைப் பீரங்கியில் வைத்து வானத்தில் வெடித்தார்கள். இதைச் சொன்னபோது மாடியில் யாரும் ஆச்சரியப்படவில்லை. சாவுக்குப் பறையும் சரவெடியும் இல்லாமல் எடுக்காத ஊர்க்காரர்களுக்கு இதில் என்ன ஆச்சரியம்? விடிய விடிய கர்ண மோட்சம் கூத்து வைத்தால் அமெரிக்காக்காரன் என்ன சொல்வான் என்று கண்டக்டர் ஐயா கேட்டார்.

அரசு மரியாதை கொடுத்தால் நன்றாக இருக்குமே?

2021இல் கி. ராஜநாராயணனை இடைசெவலில் போலீஸ் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஒரு தமிழ் எழுத்தாளருக்கு அப்படி நடந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோசம். நாகராஜனுக்குப் போலீஸ் துப்பாக்கி தூக்கி நின்றால் கந்தன் ஓடிப்போய்விடுவான்.

எங்கள் ஊரில் நடத்த ஆசை. எப்படி ஆரம்பிப்பது?

ஓசூரிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். முதல் வருசம் நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன், அதைச் செய்யாதீர்கள். பெரிதாக நினைத்துக்கொண்டு ஒரு மண்டபத்தைப் பிடித்தோம். முன்பணம் கொடுத்தாயிற்று, நோட்டீஸ் அடித்தாயிற்று. இரண்டு நாள் முன்னால் மண்டபத்துக்காரர் கூப்பிட்டார். யாரோ அவரிடம் ‘குறத்தி முடுக்கு’ புத்தகத்தைக் காட்டியிருக்கிறார்கள். “இங்க கல்யாணம் நடக்கற எடம் சார்” என்றார். கல்யாணம் நடக்கிற இடத்தில் இந்தப் புத்தகத்தைக் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் சொல்லவில்லை. முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. டெய்லர் அண்ணன் அப்போதுதான் மாடியைத் தந்தார். அவருக்குப் புத்தகம் படிக்கும் பழக்கமே இல்லை. “செத்தவங்களுக்குக் கும்புடறதுக்கு எடம் இல்லன்னு சொல்லலாமா?” என்றார்.

அதனால் மண்டபம் வேண்டாம். சிறப்பு விருந்தினர் வேண்டாம், சால்வை வேண்டாம், ஒருவருக்குச் சால்வை போட்டால் எல்லோருக்கும் போட வேண்டியிருக்கும். மைக் வேண்டாம். பதினைந்து பேருக்கு மைக் வைத்தால் பதினைந்து பேரும் பேச்சாளர் ஆகிவிடுவார்கள். பேச்சைவிட வாசிப்பு அதிகமாக இருக்கட்டும். எங்கள் கணக்கு ஆளுக்கு ஐந்து நிமிசம் பேச்சு, எத்தனை பக்கம் வேண்டுமானாலும் வாசிப்பு. போன வருசம் டீ, போண்டா, ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 640 ரூபாய் ஆனது, தட்டில் விழுந்தது 710. மிச்சம் டெய்லர் அண்ணனின் கரண்ட் பில்லுக்கு.

உங்கள் ஊருக்கு நாகராஜன்தான் வேண்டும் என்றும் இல்லை. நீங்கள் யாரை நினைத்துக் கணவாயில் நின்றீர்களோ அவருக்கு நடத்துங்கள்.

பார்க்காத ஒருவருக்காக அழுவது நாடகம் இல்லையா?

அழுகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் சிரிப்புத்தான், அவர் எழுத்து அப்படி. ஒரு தடவை மட்டும், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி வாசித்துக்கொண்டே வந்து பாதியில் நிறுத்திவிட்டான். என்னப்பா என்றால், “ஒண்ணுமில்லண்ணா, எங்கப்பா ஞாபகம்” என்றான். அவன் அப்பா என்ன தொழில் செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் புத்தகத்தை வாங்கி, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார்.

இந்த வருசம் எப்போது, எங்கே?

அதே பிப்ரவரி 19, சாயங்காலம் ஆறு மணி. ஆறு என்றால் ஆறரை. நாலு ரோட்டில் இறங்கி, எழுத்துப் பாதி அழிந்த போர்டு உள்ள தையற்கடை எது என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். மாடிப்படி வெளிப்பக்கம். மூன்றாவது படி உடைந்திருக்கிறது, இருட்டில் பார்த்து ஏறுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் கண்ணாடியை எடுத்து வாருங்கள், இந்த வருசம் முதல் பக்கத்தை டீ மாஸ்டர் வாசிக்கிறார்.